இட்டேரியில் இரண்டு குதிரைகள்

குதிரையின் உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கும் இரைப்பை 10, 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. மாட்டுக்கு உள்ள நாலு அறை அதற்குக் கிடையாது. அசைபோடாது. உள்ளே போனதை வாந்தியாக வெளியே தள்ளவும் அதனால் முடியாது. இரைப்பையில் அமிலம் இராப்பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம்கூடக் கொறித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் தின்பதற்கென்றே அமைந்த உயிர் அது. குதிரை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். வேகத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பிறகு பேசிக்கொள்ளலாம். உன் நாளை அந்தச் சின்ன இரைப்பைக்கு ஒப்புக்கொடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு வா என்பேன்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் காடு. தலைமுறையாக மாடு கட்டுகிற குடும்பம். குதிரை வந்தது என் அறுபதை ஒட்டித்தான். இப்போது இரண்டு நிற்கின்றன. வள்ளி, கத்தியவார் இனத்துப் பெட்டை. அவளுடைய காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும். கருப்பன், காயடித்த மட்டக்குதிரை, பேத்திக்கென்று வந்தவன். சனி, ஞாயிறுகளில் மகளும் பேத்தியும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடுவார்கள். வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கமிருந்து குதிரை வைத்திருக்கிற இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொள்வார்கள். எல்லோருமாக இட்டேரி வழியே சவாரி போவோம். வார நாட்களில் அவ்வளவு தூரம் போவதில்லை. அப்போது இருப்பதெல்லாம் வேலைதான். குதிரையோடு வாழ்வது என்பது பெரும்பகுதி அந்த வேலை என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுத நினைக்கிறேன்.

விடியற்காலையில் லாயத்து விளக்கைப் போட்டதும் வள்ளி மூக்காலேயே மெல்ல அதிரும் ஒரு கனைப்புக் கொடுப்பாள். உடனே தீனி வைத்துவிடுவதில்லை. முதலில் ஒரு சுற்றுப் பார்வை. ராத்திரி வைத்த தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது? லத்தி எத்தனை இடத்தில் கிடக்கிறது, உருண்டைகள் ஈரமாக இருக்கின்றனவா, காய்ந்து சிறுத்திருக்கின்றனவா? எப்படி நிற்கிறாள்? பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வு கொடுத்து நிற்பது இயல்பு. முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்து நின்றால் அந்தக் காலில் வலி. குதிரை தன் வலியை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்ளும். காட்டில் வாழ்ந்த காலத்தில் நொண்டிய குதிரையைத்தான் சிறுத்தையும் ஓநாயும் முதலில் கண்டுகொண்டன. அந்தப் பயம் இன்றும் அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆகவே அது சொல்லாததை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அது நன்றாக இருக்கிற நாளில் எப்படி நிற்கும், எவ்வளவு குடிக்கும், எத்தனை முறை லத்தி போடும் என்று கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். தினமும் பார்க்காதவனுக்கு மாற்றம் தெரியாது.

ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். எங்கள் சித்திரை வெயிலில் மேல் கணக்குத்தான். லத்தி 15, 20 கிலோ விழும். அள்ளிக் குப்பைக்குழியில் போட்டால் மக்கித் தென்னைக்கு ஆகும். அடுத்து குளம்பு. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, வளைந்த கொக்கியால் அடியில் ஒட்டிய மண்ணையும் லத்தியையும் சுரண்டி எடுக்க வேண்டும். குளம்பின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளத்திலும் சின்னக் கல் சிக்கினாலே போதும், குதிரை நொண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத்துத் தரை ஈரமாகவே கிடந்தால் அந்தப் பள்ளம் அழுகி நாற்றம் அடிக்கும். நாற்றம் மூக்கில் பட்ட அன்றே தரையைக் காயவைக்க வழி பார்க்க வேண்டும்.

குளம்பு மாதம் ஒன்றுக்கு 8, 10 மில்லிமீட்டர் வளரும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டுகிற பாய் பைக்கில் சாமான் பையோடு வந்து சீவிவிட்டுப் போவார். மண்தடத்திலேயே நடப்பதால் வள்ளிக்கு முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் லாடம். கருப்பனுக்கு அதுவும் இல்லை. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். குனிந்து காலைப் பிடித்து இழுக்க மாட்டார். தோளில் கை வைத்து, கால் நெடுக அந்தக் கையை மெல்ல வழித்துக்கொண்டே கீழே போவார். கணுக்காலுக்குக் கை வரும்போது குதிரை தானே காலைத் தூக்கும். ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். "நான் எங்கீங்க தூக்கறேன்? அது குடுக்குது, நான் வாங்கிக்கறேன்" என்றார். அவர் தகப்பனாரிடமிருந்து வந்த கை அது.

தீனி விஷயத்தில் மாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொறங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு உயிர் கொளுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டின் எலும்பும் திமிலும் அந்தப் புல்லில் விளைந்தவை. மழை பொய்த்தாலும் வேர் சாகாமல் கிடந்து, ஒரு தூறல் விழுந்ததும் பச்சை காட்டும். இப்படிப்பட்ட புல் இருக்கும்போது குதிரைக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் இங்கே யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் புல்லிலும், இப்போது எல்லோரும் போடுகிற கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆக்சலேட் தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும். பல மாதம் இப்படியே போனால் முகத்து எலும்பு வீங்கும், காரணம் தெரியாத நொண்டல் வரும். கூடவே கோதுமைத் தவிட்டை அள்ளி வைத்தால் இன்னும் கெடுதல். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்புக்கு எதிரி. கால்நடை மருத்துவர் இதை விளக்கிய நாளிலிருந்து எங்கள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாத்தி குதிரைமசால் நிரந்தரமாக நிற்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய. புல்லோடு அதையும் சேர்த்து, தாது உப்புக் கட்டி ஒன்றைத் தொட்டியில் போட்டுவைக்கிறோம். கொள்ளு, ஊறவைத்து, அளவாக.

இந்த ஒரு விஷயம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. பிள்ளை வளர்ப்பில் பெரியவர்களான நாங்கள், "எனக்கு இது ஒத்துக்கொண்டது, உனக்கும் ஒத்துக்கொள்ளும்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! மூத்தவனுக்குச் சரியாக இருந்த கண்டிப்பு இளையவளுக்கு எலும்பை உருக்குவதாக இருக்கலாம். வெளியே தெரிய மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். கொடுத்தவரின் அன்பில் குறை ஒன்றும் இருந்திருக்காது. வாங்கிக்கொள்பவரின் அமைப்பைத்தான் பார்த்திருக்க மாட்டோம்.

பராமரிக்கத் தெரியாமல் குதிரை வாங்குவது தமிழ்நாட்டில் பழைய கதை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இங்கத்திக் குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்து இறங்கின. ஓர் அரசரே ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்குவார்; ஆண்டு முடியும்போது அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். காரணமாக அவர் சொல்வது, குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை என்பதுதான். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் காரணம் எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. கஜானாவைத் திறந்து குதிரை வாங்கினார்கள். லாயத்துக்குள் விடியற்காலையில் நுழைகிற ஆளைத் தயார் செய்யவில்லை. இன்று கைபேசியில் காணொளி பார்த்துவிட்டுக் குதிரை வாங்கி, ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமாக விற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

சவாரிக்கு வருகிறேன்.

இட்டேரி என்பது எங்கள் கொங்குச் சீமையின் சொத்து. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்தடம். வேலிக்குள் சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி, முடக்கத்தான். இடையிடையே நிழலுக்கு வெள்வேல மரம். காட்டிலிருந்து காட்டுக்கும் ஊரிலிருந்து ஊருக்கும் மாடும் வண்டியும் போக நம் முன்னோர் விட்டுவைத்த வழி. குதிரைக்கு இதைவிட நல்ல தடம் கிடையாது. கால் வைக்க மெத்தென்ற மண், பக்கவாட்டில் வேலியின் அடக்கம், காலை வெயில் சாய்வாக இறங்கும் நிழல். வருத்தம் என்னவென்றால், இட்டேரிகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. வேலியை எடுத்துவிட்டு முள்கம்பி போடுகிறார்கள். சில இடங்களில் தடத்தையே உழுது காட்டோடு சேர்த்துவிட்டார்கள். முள்கம்பி குதிரைக்கு மிகவும் ஆபத்து. மிரண்டு ஓடும் குதிரைக்குக் கம்பி கண்ணில் படாது. தோலைக் கிழித்துவிட்டுத்தான் விடும். கிளுவை வேலி குதிரையை அந்த அளவுக்குக் காயப்படுத்தாது, கௌதாரிக்கும் கீரிக்கும் வீடாகவும் இருக்கும். எங்கள் பக்கத்தில் வேலியைப் பிடுங்க நினைப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசுகிறேன். சிலர் கேட்கிறார்கள்.

கோடையில் விடிவதற்கு முன்பே ஜீனி கட்டிக் கிளம்பிவிடுவோம். எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். ஜீனிக்கு அடியில் போடுகிற துணியில் ஒரு மடிப்போ ஒரு முள்ளோ இருக்கக்கூடாது. முதுகைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் துணி போடுவேன். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புகிற கணக்கு. வள்ளி 400 கிலோ என்றால் ஜீனியோடு சேர்த்து 80. பார்க்க வருகிற உறவுக்காரப் பையன்களில் சிலரிடம், "தம்பி, நீ ஏற வேண்டாம், கூட நடந்து வா" என்று நேராகச் சொல்லிவிடுவேன். முகம் சுருங்கும். சுருங்கட்டும். குதிரையால் வேண்டாம் என்று சொல்ல முடியாதல்லவா, அதற்காக யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறுவதில்லை, நான் உட்பட. தாராபுரம் சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் இறங்கிக் கையில் பிடித்து நடத்திக்கொண்டுதான் போவோம். லாரிக்காரருக்குக் குதிரையின் மனம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கூட்டமாகப் போகையில் மெதுவாகப் போகிற குதிரைதான் வேகத்தை முடிவு செய்யும். எங்கள் கூட்டத்தில் அது பெரும்பாலும் கருப்பன். அவனுடைய குட்டைக் கால்களுக்கு மற்றவர்கள் காத்திருப்பார்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதங்களில் கரையோரம் ஒன்று குடிக்க நின்றால் எல்லாமே நிற்க வேண்டும். குடித்துக்கொண்டிருக்கிற குதிரையை விட்டுவிட்டு மற்றவை நடந்தால், தனியாக விடப்பட்டோம் என்ற பதற்றத்தில் அது குடிப்பதை நிறுத்திவிட்டு ஓடிவரும். கூட்டத்தில் பிறந்த விலங்கு அது. தனிமை அதற்கு ஆபத்தின் வேறு பெயர். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் கூட்டத்து இளைஞர்களின் நடையே மாறியிருக்கிறது. முன்னெல்லாம் யார் முன்னால் போவது என்று முண்டுவார்கள். இப்போது ஒருவன் அங்கவடி வாரைச் சரிசெய்ய நின்றால் மற்றவர்கள் பேசாமல் நிற்கிறார்கள்.

சவாரியில் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் போய் நிற்கக்கூடாது என்பது. அத்தனையும் தெரிகிற கண்ணுக்கு அத்தனையும் பயம். வேலியில் மாட்டிக்கொண்ட பாலித்தீன் பை, காலடியிலிருந்து சடாரென்று பறக்கும் கௌதாரி, தோகை விரித்து நிற்கும் மயில். எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு, அது காற்றாலை நிழல். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று இறங்கும்போது இங்கே இறக்கைகள் ஓயாமல் சுற்றும். காலை வெயிலில் அந்த நீண்ட நிழல் தடத்தின் குறுக்கே வந்து வந்து வெட்டும். ஓசையில்லாமல் தரையில் பாய்ந்து வருகிற அந்தக் கறுப்பைக் கண்டால் புதுக் குதிரை உறைந்து நின்றுவிடும். அல்லது வந்த வழியே திரும்பி ஓடப் பார்க்கும்.

அப்போது அடிக்கக்கூடாது. அதட்டவும் கூடாது. பயந்துபோய் நிற்கிற உயிரை அடித்தால் நிழலோடு சேர்த்து நம்மையும் பார்த்துப் பயப்பட அது கற்றுக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது நம் மூச்சைக் கவனிப்பது. சேணத்தில் உட்கார்ந்திருப்பவனின் தொடை இறுகுவதும் மூச்சு நிற்பதும் குதிரையின் விலாவுக்கு உடனே தெரியும். மேலே இருப்பவரும் பயந்துவிட்டார், ஆகவே இது உண்மையான ஆபத்துதான் என்று அது முடிவு கட்டும். மூச்சை நீளமாக விட வேண்டும். தோளைத் தளர்த்த வேண்டும். லகானைக் கொஞ்சம் நெகிழ்த்தி, நிழலை அது நன்றாகப் பார்க்கும்படி விட வேண்டும். காதுகள் முன்னால் குத்திட்டு நிற்கும். பிறகு ஒரு காது நம் பக்கம் திரும்பும். அந்தக் காது திரும்புவதுதான் கேள்வி: "என்ன செய்யலாம்?" அப்போது காலால் மெல்ல ஓர் அழுத்தம் கொடுத்தால் ஓர் அடி எடுத்து வைக்கும். ஐந்து நிமிடம் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தானே இருக்கிறது? கோபத்தில் ஒரு காரியத்தை முடித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்ளும் வசதியைக் குதிரை நமக்குக் கொடுப்பதே இல்லை. நம்மைவிட ஐந்து மடங்கு கனமான உயிர். பலத்தால் அதை வெல்ல முடியாது என்பது ஏறி உட்கார்ந்த கணமே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் குதிரையிடம் நான் கற்ற எல்லாவற்றிலும் பெரியது இருக்கிறது. குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை. அழுத்தம் விலகுகிற நொடியில் கற்கிறது. லகானை மெல்லப் பிடிக்கிறோம். அது நடையைக் குறைக்கிறது. குறைத்த அந்தக் கணத்திலேயே விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். இவர் கேட்டது இதைத்தான் என்று அதற்குப் புரிவது அப்போதுதான். நின்ற பிறகும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால், நின்றதால் ஆன பலன் ஒன்றும் இல்லை என்று அதற்குப் படும். அடுத்த முறை நிற்கத் தோன்றாது. இன்னும் பலமாக இழுப்போம். இப்படியே போனால் வாய் மரத்துவிடும். வாய் மரத்த குதிரைக்கு இதைவிடக் கடுமையான கடிவாளம் தேடுவார்கள், அதற்கும் மரத்துப்போகும்.

எழுபதைத் தொட்ட வயதில் இதை எங்கள் வீடுகளில் வைத்துப் பார்க்கிறேன். சொன்ன வேலையைப் பையன் செய்துவிட்டான். அதோடு விட்டால் அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. "இதை நேத்தே செஞ்சிருக்கலாமில்ல?" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறோம். மருமகள் வைத்த குழம்பு நன்றாக இருக்கிறது. "புளி கொஞ்சம் முன்னாடியே கரைச்சு ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்கிறோம். நின்றுவிட்ட குதிரையின் வாயை இழுப்பதுதான் இது. கேட்பதில் தவறே இல்லை. குதிரையிடமும் கேட்கத்தான் வேண்டும், தெளிவாகவும் விடாமலும் கேட்க வேண்டும். கேட்டது கிடைத்ததும் கையைத் தளர்த்த வேண்டும். கொடுத்தவருக்கு அந்தத் தளர்வுதான் நன்றி. என் மனைவிக்கு இது குதிரை இல்லாமலே முன்பே தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவளைப் பற்றிச் சொல்ல ஒரு கார்த்திகை ராத்திரி இருக்கிறது. வெளியே அடைமழை. வள்ளி தீனியைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைத் தோண்டினாள். தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். வயிற்றுவலி. குதிரைக்கு வருகிற நோய்களில் குதிரைக்காரன் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். வாந்தி எடுக்க முடியாத உயிருக்குக் குடலில் அடைப்போ வாயுவோ முறுக்கோ வந்தால் சில மணி நேரத்தில் கைமீறிப் போகலாம். மீதித் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் வரும்வரை செய்யக்கூடியதைச் செய்தோம். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினேன். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், அதைவிடக் கூடியிருந்தது. வயிற்றின் இரு பக்கமும் காதை வைத்துக் கேட்டோம். எப்போதும் உருண்டுகொண்டிருக்கும் சத்தம் ஒரு பக்கம் அடங்கியிருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல மனதோடு எண்ணெய் கொண்டுவந்தார், வாயில் ஊற்றலாம் என்று. வேண்டாம் என்றேன். வாய் வழியே பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார்.

மருத்துவர் மழையிலேயே வந்தார். வலிக்கு ஊசி போட்டார், குழாய் விட்டு எண்ணெய் கொடுத்தார். பிறகு காத்திருப்பது மட்டும்தான் வேலை. நானும் மனைவியும் மாறி மாறி வள்ளியை லாயத்துத் திண்ணை ஓரம் மெல்ல நடத்தினோம். மனைவி முழங்கால் வலிக்காரி; உட்கார் என்றாலும் கேட்கவில்லை. விடியும் நேரம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறேன். "ஏனுங்க, போட்டுட்டா!" என்று ஒரு சத்தம். தரையில் ஆவி பறக்க நாலைந்து உருண்டை லத்தி. மனைவியின் கண்ணில் தண்ணீர். நாங்கள் ஒன்றாக வாழ்ந்த இத்தனை வருடங்களில் அவ்வளவு சந்தோஷத்தை நாங்கள் பகிர்ந்துகொண்ட நேரங்கள் குறைவு என்றே சொல்வேன்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் குதிரை வேண்டும் என்கிறவர்களை அந்தியூருக்கு அழைத்துப் போவேன். ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற சந்தை அது. மார்வாரி, கத்தியவார், நாட்டுக் குதிரை, வெள்ளை வெளேரென்ற நுக்ரா, நெற்றியும் நாலு காலும் வெளுத்த பஞ்சகல்யாணி என்று வரிசையாக நிற்கும். கொட்டுச் சத்தத்துக்கு ஆடுகிற குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். வாங்க வந்தவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். எந்த இடத்துச் சுழி ராசி, எது ஆகாது என்று பெரிய பேச்சு நடக்கும். அந்த நம்பிக்கையை நான் யாரிடமும் பழிப்பதில்லை. ஆனால் நான் அழைத்துப் போகிறவர்களைக் கால் பார்க்கச் சொல்வேன். கெட்டியான தரையில் நடக்கவிட்டுப் பார், சின்ன வட்டமாகத் திருப்பிப் பார், தலை ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கினால் கால் வலி. நாலு குளம்பையும் தூக்கிப் பார். பல்லைப் பார், ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். மேல்வரிசை ஓரப் பல்லில் பத்து வயதை ஒட்டி ஒரு பள்ளக்கோடு ஈறோரம் தோன்றி வருடத்தோடு கீழே இறங்கும். அது துல்லியமான கணக்கல்ல என்றாலும் விற்கிறவர் சொல்லும் வயதைச் சரிபார்க்க உதவும். எல்லாவற்றுக்கும் மேல், கொட்டு இல்லாத நேரத்தில், கூட்டம் வருவதற்கு முன் விடியலில் போய் அதே குதிரையைப் பார். உன்னோடு அது இருக்கப்போவது அந்த நேரத்தில்தான்.

முதன்முதலாக வாங்குகிறவர்கள் குட்டி வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பன்னிரண்டு வயதான, நாலு ஊர் பார்த்த, அமைதியான குதிரைதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய இருவர் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருடம் இருக்கும் என்பதால் பன்னிரண்டு வயதுக் குதிரைக்கும் முன்னால் நீண்ட வாழ்க்கை உண்டு.

அந்த நீளம்தான் இப்போது என் மனதில் இருக்கிறது. கருப்பன் 200 கிலோ. அவன் 40 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது. பேத்தி வளர்கிறாள், இன்னும் சில மாதங்களில் அவன் முதுகில் அவள் ஏற முடியாது. இதை அவளிடம் சொன்னபோது அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. "அப்புச்சி, அப்பறம் அவன் என்ன பண்ணுவான்?" என்று மட்டும் கேட்டாள். சும்மா இருப்பான், கண்ணு, என்றேன். சவாரிக்கு ஆகாத குதிரையை விற்றுவிடுவது பலருக்கு வழக்கம். கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது விற்றவருக்குத் தெரியாது. கருப்பன் எங்கும் போகப்போவதில்லை. அவன் இல்லாமல் வள்ளி தனியாக நிற்கவும் மாட்டாள்.

என் காலத்துக்குப் பிறகு இரண்டுக்கும் என்ன வழி என்று மகளோடும் பக்கத்துக் காட்டுக்காரரோடும் உட்கார்ந்து பேசி எழுதியே வைத்துவிட்டோம். யார் வீட்டில் நிற்கும், குதிரைமசால் பாத்தி யார் பொறுப்பு, தீனிக்கும் மருந்துக்கும் பணம் எந்தக் கணக்கில், எழுந்து நிற்க முடியாத நிலை வந்தால் வலியில்லாமல் அனுப்பிவைக்கும் முடிவை யார் எடுப்பது என்பது வரை. கடைசி வரியை எழுதும்போது மகளுக்குக் கை தயங்கியது. ஆனாலும் எழுதினாள். வாயில்லா உயிரை வைத்திருக்கிற வயதானவர்கள் எல்லோரும் இந்தக் காகிதத்தை எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாய்க்கும் மாட்டுக்கும்கூட.

போன வாரம் பேத்தி கேட்டாள், அடுத்த ஆடிக்கு ஒரு குட்டி வாங்கித் தருவாயா என்று. குட்டி இன்று பிறந்தால் அது கிழமாகிற காலத்தில் உனக்கு நாற்பது வயது இருக்கும். அப்போது நீ எந்த ஊரில் இருப்பாயோ, உன் விடியற்காலை உன் கையில் இருக்குமோ, அதை இன்று நான் முடிவு செய்ய முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் கருப்பனின் பிடரியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, படித்து முடித்துத் தானே வாங்கிக்கொள்வதாகவும், அதற்குள் லாடக்காரப் பாயிடம் குளம்பு தூக்கக் கற்றுக்கொள்வதாகவும் சொன்னாள். பாயிடம் கேட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஆடிக்கு எல்லோருமாக அந்தியூர் போகிறோம், குதிரைகளைப் பார்க்க மட்டும்.